ஊர் கூடி இழுக்கும் தேரும் ஓரலகு வெக்டரும்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் நண்பர்கள் கேட்டபோது, "எனக்குக் கவிதை எல்லாம் வராதுப்பா" என்றேன். "கவிதை வேண்டாம், உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, நான் பிறந்து வளர்ந்த தறி. இன்னொன்று, முதல் வருடம் அரியர் வைத்து, இரண்டாவது முறை எழுதிப் பாஸான வெக்டர் கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கயிறு அறுந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தேருக்கு வருவோம்.

வடம் சொல்லும் பாடம்

நம் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசி மாதம் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். அன்றைக்குக் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் வடத்தைப் பிடிப்பார்கள்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது தாத்தா என்னையும் வடம் பிடிக்க அழைத்துப் போனார். கூட்டத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. வடத்துக்கு வெளிப்பக்கம் நின்றுகொண்டு, தெரு ஓரத்தைப் பார்த்து இழுத்தேன். தாத்தா ஒரு அதட்டல் போட்டார்: "டேய், தேர் போற பக்கம் பாத்து இழுடா. பக்கத்துல இழுத்தா உன் பலமும் வீண், எதிர்ல இருக்கிறவன் பலமும் வீண்!"

தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் அன்று சொன்ன அந்த ஒரு வரிதான் முதல் வருடக் கணக்குப் புத்தகத்தில் பல பக்கத்துக்கு வருகிறது.

விசை என்பது வெறும் எண் மட்டும் கிடையாது. எவ்வளவு பலம் என்பது ஒன்று, எந்தப் பக்கம் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் வெக்டர். ஐந்து கிலோ பட்டும் மூன்று கிலோ பட்டும் சேர்ந்தால் எட்டு கிலோ, சந்தேகமே இல்லை. ஆனால் 40 கிலோ விசையும் 30 கிலோ விசையும் சேர்ந்தால் 70 என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் 70. எதிரெதிரே இழுத்தால் 10. செங்குத்தாக இழுத்தால் 50. முதல் தேர்வில் இந்தச் செங்குத்துக் கணக்குக்குத்தான் நான் 70 என்று எழுதி வைத்தேன். சார் பெரிய முட்டையாகப் போட்டுக் கொடுத்தார்.

ஓரலகு வெக்டர் என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். உண்மையில் இது வழிகாட்டிப் பலகை மாதிரி. ரோட்டு முனையில் அம்புக்குறி போட்டு "சென்னை" என்று எழுதியிருக்கிறது. அந்த அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுகிறது. எவ்வளவு தூரம் என்று அம்பின் நீளம் சொல்வதில்லை. அதே மாதிரி, திசையை மட்டும் காட்டுகிற, நீளம் சரியாக 1 இருக்கிற வெக்டர்தான் ஓரலகு வெக்டர்.

அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான்: வெக்டரை அதன் நீளத்தால் வகு. அவ்வளவுதான்.

எங்கள் தெருப் பையன்கள் மூங்கிலில் சின்னத் தேர் கட்டி இழுப்பார்கள். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தேரின் முன்பக்கம் ஒரு வளையம். அதில் இரண்டு கயிறு. வளையத்தைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். தேர் போக வேண்டிய திசை முன்பக்கம். அதை 'ஐ கேப்' என்போம். அதற்குச் செங்குத்தாக இடப்பக்கம். அதை 'ஜே கேப்' என்போம். இவை இரண்டுமே ஓரலகு வெக்டர்கள்தாம்.

முதல் கயிற்றைப் பிடித்திருக்கும் பையன் வளையத்திலிருந்து 12 அடி முன்னால், 5 அடி இடப்பக்கம் நிற்கிறான். கயிற்றின் நீளம் என்ன? பித்தாகரஸ் தேற்றம் போதும்.

12² + 5² = 144 + 25 = 169. வர்க்கமூலம் 13. ஆக, கயிறு 13 அடி.

ஓரலகு வெக்டர்: 12/13 ஐ கேப் + 5/13 ஜே கேப்.

இரண்டாவது கயிற்றுக்காரன் 4 அடி முன்னால், 3 அடி வலப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் என்பதால் 3-க்குக் கழித்தல் குறி வரும். நீளம் 5 அடி. ஓரலகு வெக்டர்: 4/5 ஐ கேப் − 3/5 ஜே கேப்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். 12-ம் 5-ம் அடிக்கணக்கு. 13-ம் அடிக்கணக்கு. அடியை அடியால் வகுத்ததும் அடி போய்விட்டது. மிச்சம் வெறும் திசைதான். அதனால்தான் அந்தத் திசையை இப்போது விசையோடு பெருக்கலாம். கயிறு நீளமா குட்டையா என்பதற்கும் பையனின் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

முதல் பையன் 26 கிலோ விசையோடு இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

26 × 12/13 = 24 (முன்பக்கம்), 26 × 5/13 = 10 (இடப்பக்கம்).

இரண்டாவது பையன் 20 கிலோ விசை.

20 × 4/5 = 16 (முன்பக்கம்), 20 × 3/5 = 12 (வலப்பக்கம், அதாவது −12).

இப்போது கூட்டலாம். முன்பக்கத்தை முன்பக்கத்தோடு, பக்கவாட்டைப் பக்கவாட்டோடு.

முன்பக்கம்: 24 + 16 = 40. பக்கவாட்டு: 10 − 12 = −2.

தொகுபயன் விசை = √(40² + 2²) = √1604, சுமார் 40.05 கிலோ. திசை: 2/40 = 0.05, எந்தக் கோணத்துக்கு டேன் மதிப்பு 0.05? ஏறக்குறைய 3 டிகிரி. குறி கழித்தல் என்பதால் வலப்பக்கம்.

பார்த்தீர்களா? இரண்டு பையன்களும் சேர்ந்து 46 கிலோ பலம் போட்டார்கள். தேருக்குப் போய்ச் சேர்ந்தது 40 சொச்சம்தான். மிச்சம் எங்கே போயிற்று? ஒருத்தன் இடப்பக்கம் இழுத்ததும் இன்னொருத்தன் வலப்பக்கம் இழுத்ததும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டியே தீர்ந்துவிட்டது. தாத்தா சொன்ன "வீண்" இதுதான்.

கோணம் மட்டும் தெரிந்தால்?

அடிக்கணக்கு இல்லாமல், கோணம் மட்டும் கொடுத்தும் கணக்கு வரும். அப்போதுதான் முக்கோணவியல் தேவை. முன்பக்கத்தோடு கயிறு தீட்டா கோணம் ஆக்கினால், முன்பக்கக் கூறு காஸ் தீட்டா, பக்கவாட்டுக் கூறு சைன் தீட்டா. ஓரலகு வெக்டரின் நீளம் 1 என்பதால் வேறு எதுவும் பெருக்க வேண்டாம். காஸ் வர்க்கமும் சைன் வர்க்கமும் சேர்ந்தால் 1 என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது இந்த ஓரலகு வெக்டரின் நீளத்தைத்தான் சொல்கிறது.

இந்த சைன் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கி.பி. 499-ல் ஆரியபடீயத்தில் ஆரியபட்டர் சைன் அட்டவணை கொடுத்திருக்கிறார். 3 முக்கால் டிகிரிக்கு ஒன்று வீதம் 24 மதிப்புகள். அதற்கு நம் நாட்டில் வழங்கிய பெயர் 'ஜ்யா', அதாவது வில்லின் நாண். அரபு நாட்டார் அதை 'ஜிபா' என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதை 'ஜைப்' என்ற வேறு சொல்லாக வாசித்து, 'சைனஸ்' என்று மாற்றினார்கள். வட்டத்தின் நாண் என்று நாம் தமிழில் படிப்பதும் அதே நாண்தான். இழுத்துக் கட்டிய கயிற்றிலிருந்து பிறந்த சொல், கயிற்றுக் கணக்குக்கே திரும்பி வந்திருக்கிறது!

ஐ, ஜே என்ற எழுத்துகளை 1843-ல் அயர்லாந்தின் ஹாமில்டன் பயன்படுத்தினார். டப்ளின் நகரில் மனைவியோடு நடந்து போகும்போது விடை பளிச்சென்று தோன்ற, அங்கிருந்த பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைச் செதுக்கினார். நாம் இன்று எழுதுகிற எளிய வெக்டர் முறை, அந்த நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கிப்ஸ், இங்கிலாந்தின் ஹெவிசைடு இருவரும் கொண்டுவந்தது. விசைகளை இணைகரம் வரைந்து கூட்டுவதோ அதற்கும் முன்னாலேயே, 1687-ல் வந்த நியூட்டனின் பிரின்சிபியாவில் இருக்கிறது.

சரி, பெரிய தேருக்கு வருவோம். இரண்டு வடம். கூட்ட நெரிசலில் இரண்டும் நடுவிலிருந்து ஆளுக்கு 15 டிகிரி விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வடத்துக்கு 100 பேர், ஒரு ஆளுக்கு 20 கிலோ விசை. ஆக வடத்துக்கு 2000 கிலோ. இதெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தாம்.

காஸ் 15 = 0.9659; சைன் 15 = 0.2588.

முன்பக்கம்: 2000 × 0.9659 × 2 = சுமார் 3864 கிலோ. பக்கவாட்டு: ஒரு வடம் 518 இடப்பக்கம், இன்னொன்று 518 வலப்பக்கம். மொத்தம் சைபர். தேர் நேராகப் போகும்.

இப்போது வலது வடத்தில் 20 பேர் மோர் குடிக்கப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் 1600 கிலோதான்.

முன்பக்கம்: 3600 × 0.9659 = 3477. பக்கவாட்டு: 400 × 0.2588 = சுமார் 103.5, இடப்பக்கம்.

கோணம் பார்த்தால் 1.7 டிகிரிதான். "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் தேர் அந்தத் திசையிலேயே 100 அடி போனால் நடுவிலிருந்து ஏறக்குறைய 3 அடி விலகியிருக்கும். தெருவில் 3 அடி என்றால் ஒரு வீட்டுத் திண்ணை. வடத்துக்காரர்களின் கணக்கு ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் முட்டுக்கட்டையோடு கூடவே ஓடி வருகிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு எப்படிக் கட்டை போட்டால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்களுக்குத் திருச்சி பி.எச்.இ.எல். நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. நம் துறை அண்ணன்மார் செய்த வேலை அது என்று நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அறுந்த கயிறு

இனி என் கதை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நெசவு. அம்மா கூட உட்கார்ந்து கோர்வைக்குக் கை கொடுப்பார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான்.

முதல் வருடம் முடிந்த லீவில், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வைத்திருக்கும் மரச்சட்டத்தின் ஒரு கால் கறையான் அரித்துப் போய்விட்டது. ஆசாரி அதை மாற்ற இரண்டு நாள் கேட்டார். அதுவரைக்கும் பெட்டி இறங்காமல் அப்படியே தொங்க வேண்டும். இறங்கினால் கீழே இருக்கிற நூல்கட்டு எல்லாம் கலைந்துவிடும். உத்திரம் பழசு, அதில் கட்டப் பயம். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு இரும்புக் கொக்கி இருந்தது. நடுவில் 10 அடி. "கயிறு தாங்குமாடா?" என்று அப்பா கேட்டார். "வீடு பூசும்போது 50 கிலோ சிமெண்டு மூட்டையையே இதுலதானேப்பா தூக்கினோம். பெட்டி 40 கிலோதான்" என்றேன்.

கயிற்றைக் கட்டியவன் நான்தான். படித்தவன் அல்லவா! தொய்வு இருக்கக் கூடாது என்று, துணி காயப்போடும் கொடி மாதிரி, என் பலத்தை எல்லாம் போட்டு விறைப்பாகக் கட்டினேன். பெட்டியை மாட்டியதும் நடுவில் பத்தரை அங்குலம்தான் இறங்கியிருந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் விடியற்காலை கயிறு அறுந்தது. அம்மா தறியிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி விழுந்த இடம் அவர் உட்காரும் இடம். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் பாவு இழைகள் நூற்றுக்கணக்கில் அறுந்து போயின. பாதி நெய்திருந்த சேலையில் கிழிசல். அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு இழையாகப் பிணைத்து மறுபடி தறி ஓடப் பத்து நாள் ஆயிற்று. பாவு கொடுத்தவர் சேதத்துக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "கயிறு பழசா இருந்திருக்கும், விடுடா" என்றார்.

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. கயிறுதான் கெட்டது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அரியர் பேப்பருக்குப் படிக்கும்போது புத்தகத்தில் ஒரு படம். இரண்டு கயிறு, நடுவில் ஒரு எடை. பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அது எங்கள் வீட்டுப் படம்! அன்றைக்கு ராத்திரி கணக்கைப் போட்டேன். அதை இங்கே அப்படியே தருகிறேன்.

கொக்கியிலிருந்து நடு வரைக்கும் 5 அடி. இறக்கம் பத்தரை அங்குலம், அதாவது 0.88 அடி. 0.88/5 = 0.176. டேன் 10 டிகிரியின் மதிப்பு 0.1763. ஆகவே கயிறு கிடைமட்டத்தோடு 10 டிகிரி.

வலப்பக்கத்தை ஐ கேப், மேல்பக்கத்தை ஜே கேப் என்று வையுங்கள்.

வலக்கயிற்றின் ஓரலகு வெக்டர்: 0.9848 ஐ கேப் + 0.1736 ஜே கேப்.

இடக்கயிறு: −0.9848 ஐ கேப் + 0.1736 ஜே கேப்.

இரண்டிலும் இழுவிசை ஒன்றுதான். அதை 'டி' என்போம். கூட்டினால் ஐ கேப் அடிபட்டுப் போகிறது. ஜே கேப் மட்டும் மிச்சம்: 2 × 0.1736 × டி. பெட்டி விழாமல் நிற்க வேண்டுமானால் இது 40-க்குச் சமமாக இருக்க வேண்டும்.

டி = 40 / (2 × 0.1736) = 115 கிலோ!

40 கிலோ பெட்டியைத் தூக்க, ஒவ்வொரு பக்கக் கயிறும் 115 கிலோ விசையில் இழுபட்டிருக்கிறது. சிமெண்டு மூட்டை தூக்கியதால் அந்தக் கயிறு 50 கிலோ தாங்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். 115 தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை. போதாததற்குக் கொக்கியில் போட்ட முடிச்சு, கயிற்றின் பலத்தை இன்னும் குறைக்கும்.

கோணத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதே 40 கிலோ பெட்டிக்கு, கயிறு கிடைமட்டத்தோடு ஆக்கும் கோணமும் ஒவ்வொரு பக்க இழுவிசையும்:

90 டிகிரி (நேர் கீழாக) — 20 கிலோ
60 டிகிரி — 23 கிலோ
45 டிகிரி — 28 கிலோ
30 டிகிரி — 40 கிலோ
20 டிகிரி — 58 கிலோ
10 டிகிரி — 115 கிலோ
5 டிகிரி — 229 கிலோ

கோணம் குறையக் குறைய இழுவிசை எகிறுகிறது. சைபர் டிகிரியில் சைன் மதிப்பு சைபர். சைபரால் வகுக்க முடியாது. அதாவது, நடுவில் ஒரு எடையைத் தொங்கவிட்டுக் கயிற்றைத் துளிகூடத் தொய்வில்லாமல் நேராக இழுக்க இந்த உலகத்தில் எந்தப் பலத்தாலும் முடியாது. மின்கம்பத்துக்கு மின்கம்பம் கம்பியைக் கொஞ்சம் தொய்வாக விட்டிருக்கிறார்களே, சோம்பேறித்தனம் என்றா நினைத்தீர்கள்? கணக்கு!

எங்கள் கயிறு 50 கிலோவுக்குள் நிற்க எவ்வளவு கோணம் வேண்டும்? சைன் தீட்டா = 40 / (2 × 50) = 0.4. தீட்டா சுமார் 24 டிகிரி. அதுவும் ஓரத்தில் நிற்கிற கணக்கு. பாதுகாப்புக் காரணி என்று நாம் படிக்கிறோமே, அதையும் சேர்த்தால் 60 டிகிரிக்குக் குறையாமல் கட்டியிருக்க வேண்டும்.

தேர் வடத்தில் பக்கவாட்டு விசை ஒன்றோடொன்று மல்லுக்கட்டி வீணாயிற்று. எங்கள் வீட்டிலும் அதேதான். 115 கிலோவில் மேலே தூக்கியது ஒரு பக்கத்துக்கு 20 கிலோ. மிச்சப் பலம் எல்லாம் இரண்டு கயிறும் ஒன்றை ஒன்று எதிர்ச்சுவருக்கு இழுத்ததில் போயிற்று. ஒரு பக்கத்துக்கு 113 கிலோ! தொய்வில்லாமல் கட்டினால் பலம் என்று நான் நினைத்தேன். நான் எவ்வளவு இழுத்துக் கட்டினேனோ, அவ்வளவுக்கு அந்தக் கயிற்றை நானே அறுத்தேன்.

மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு சைன், காஸ் தெரியாது. கயிற்றின் நடுவில் செம்பைக் கட்டி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, இன்னொரு முனையை நான் பிடித்தேன். பக்கத்தில் நின்றபோது செம்பு லேசாக இருந்தது. இரண்டு பேரும் விலகி விலகிப் போனோம். கயிறு நேராக நேராக அவர் கை நடுங்கியது. "அடேய், செம்பு அதேதானேடா!" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கயிறு பழசில்ல" என்றார். "இல்லப்பா. என் தப்புதான்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மனசு ஆறியது.

இப்போது சட்டத்தில் வேலை என்றால் அப்பா சுவருக்குச் சுவர் சவுக்குக் கட்டை போட்டு, அதிலிருந்து நேர் கீழாக இரண்டு கயிறு விடுகிறார். ஒரு கயிற்றுக்கு 20 கிலோ.

தேர்வுக்குப் போகும் நண்பர்களுக்கு

நான் அரியர் வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இலவசம்தான், எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் படம். எந்தப் பக்கம் ஐ கேப், எந்தப் பக்கம் ஜே கேப் என்று அம்பு போட்டுவிட்டுத்தான் எண்ணைத் தொட வேண்டும்.

2. கோணம் எந்தக் கோட்டிலிருந்து என்று பாருங்கள். கிடைமட்டத்திலிருந்து கொடுத்தால் கிடைமட்டக் கூறு காஸ். செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுத்தால் கிடைமட்டக் கூறு சைன். பல பேர் கவிழ்வது இங்கேதான்.

3. ஓரலகு வெக்டர் சரியா என்று பார்க்க இரண்டு எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 1 வரவில்லை என்றால் எங்கோ தப்பு.

4. கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா? சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது.

5. கோணம் கண்டுபிடிக்கும்போது டேன் தலைகீழை அப்படியே நம்பாதீர்கள். எங்கள் வீட்டு இடக்கயிற்றுக்கு 0.1736-ஐ −0.9848-ஆல் வகுத்துப் போட்டால் கால்குலேட்டர் −10 டிகிரி என்று சொல்லும். அதாவது கயிறு வலப்பக்கம் கீழே போகிறதாம்! உண்மையில் அது இடப்பக்கம் மேலே, 170 டிகிரி. ஐ கேப் எண் கழித்தலில் இருந்தால் 180 கூட்ட வேண்டும்.

6. விடை வந்ததும் ஒரு சோதனை. இரண்டு விசைகளின் தொகுபயன், அவற்றின் கூட்டலை விடப் பெரிதாகவோ வித்தியாசத்தை விடச் சிறிதாகவோ இருக்கவே முடியாது.

இரண்டே விசை, நடுவில் உள்ள கோணம் தெரியும் என்றால் ஒரே வரியில் முடிக்கலாம். தொகுபயனின் வர்க்கம் = முதல் விசையின் வர்க்கம் + இரண்டாவதின் வர்க்கம் + 2 × முதல் விசை × இரண்டாவது விசை × காஸ் (நடுக்கோணம்). தேர் வடத்துக்கு நடுக்கோணம் 30. போட்டுப் பாருங்கள், அதே 3864 வரும். மூன்று, நான்கு விசை என்று வந்தால் இந்தச் சூத்திரம் இழுத்தடிக்கும். அப்போது ஐ கேப், ஜே கேப் முறைதான் கை கொடுக்கும்.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். "இதெல்லாம் படிச்சு என்னடா பிரயோசனம்?" என்று வீட்டில் கேட்டால் நம்மிடம் பதில் இருப்பதில்லை. எனக்கு அந்தப் பதில் கொஞ்சம் அதிக விலைக்குத்தான் கிடைத்தது. கணக்குப் புத்தகத்தில் இரண்டு கயிறும் ஒரு எடையும் வரைந்திருந்தால், அதைப் பரீட்சைக்கு மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த எடைக்குக் கீழே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்த வைகாசியில் தேரடியில் சந்திப்போம். வடம் பிடிக்கும்போது மறக்காதீர்கள்: தேர் போகிற பக்கம் பார்த்து இழுங்கள்!